பினாங்குல கேங் கேஸ் அப்பீல் பாக்குற ஒரு லாயர் ஆபீஸ், 4/5

ஆபீஸ் பேர் போடல, அக்கா பையன் கேஸ் இன்னும் ஹைகோர்ட்ல ஓடுது. லெபோ லைட் கோர்ட்டுக்கு நடந்து போற தூரம்தான், மாடியில இருக்கு, லிப்ட் கிடையாது, பார்க்கிங்க மறந்துடுங்க.

பையன் மேல போட்டது சங்கச் சட்டம் 1966, செக்‌ஷன் 43. 2013ல உள்துறை அமைச்சு தடை பண்ண 49 கேங் லிஸ்ட் விட்டுச்சே, அதுல ஒண்ணுல மெம்பர்னு. மூணு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் பைன், ரெண்டும் சேத்தும் போடலாம். சீக்கிரம் முடிஞ்சிடும்னு யாரோ சொன்னத கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்ல குற்றத்த ஒத்துக்கிட்டான், உள்ள தள்ளிட்டாங்க.

மொதல்ல பாத்த வேற ஒரு லாயர், அப்பீல் போட்டா கேஸே இல்லாம ஆக்கிடலாம் லா, டெபாசிட் கட்டுங்கன்னாரு. இந்த ஆபீஸ்ல இருக்கற லாயர் அம்மா காசு பேச்சே எடுக்கல, கேஸ் பைல பாத்துட்டு "ஒத்துக்கிட்டானா, விசாரணை நடந்துச்சா?"ன்னுதான் கேட்டாங்க. ஒத்துக்கிட்டா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 305 படி தண்டனை அதிகமா இருக்கு இல்ல சட்டப்படி செல்லாதுன்னு மட்டுந்தான் அப்பீல் பண்ண முடியுமாம். ஆனா என்ன ஆகும்னு புரியாமலே ஒத்துக்கிட்டானான்னு மாஜிஸ்திரேட் எழுதின குறிப்ப எடுத்துப் பாக்கணும், அதுல ஓட்டை இருந்தா ஹைகோர்ட்ட சீராய்வு பண்ணச் சொல்லி, அதாவது கீழ்க்கோர்ட் முடிவ திரும்பப் பாக்கச் சொல்லி கேக்கலாம்னாங்க. அப்பீல் போட்டதும் வெளிய வந்துடுவான்னு அக்கா நம்பிக்கிட்டு இருந்துச்சு, அப்படியெல்லாம் இல்லம்மா, தண்டனைய நிறுத்தி வைக்க தனியா மனு போடணும், கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அக்கா அழுதுச்சு, ஆனா எனக்கு அங்கதான் நம்பிக்கை வந்துச்சு.

குறைன்னா ஆபீஸ் கிராணி (கிளார்க்) தான். வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழும், பதில் வராது. போட்டோஸ்டேட்டுக்குத் தனி பில்லு வேற, மொதல்லயே சொல்லிருக்கலாம்.

சொஸ்மாவுல (பாதுகாப்புக் குற்றங்களுக்கான தனிச் சட்டம்) பிடிச்சு, தண்டனைச் சட்டம் செக்‌ஷன் 130வி (திட்டமிட்ட குற்றக் கும்பல்ல மெம்பர்) போட்ட கேஸ்னா இது மாதிரி இல்ல, அது அஞ்சுல இருந்து 20 வருசம், அதுக்குன்னே நிறைய பாத்த லாயர தேடுங்க. காசு இல்லாதவங்க பினாங்கு பார் (வக்கீல் சங்கம்) சட்ட உதவி மையத்துல கேட்டுப் பாருங்க. எங்க போனாலும் சரி, தீர்ப்பு வந்த 14 நாளுக்குள்ள அப்பீல் நோட்டீஸ் போயாகணும், அதனால தீர்ப்புத் தேதிய ஒரு பேப்பர்ல எழுதி கையில வச்சுக்கிட்டே போங்க.