.45 பட்டியில் .38 தோட்டா: நனைப்பதா, தைப்பதா, உறை போடுவதா?

அமெரிக்காவின் கௌபாய் ஆக்‌ஷன் (பழைய மேற்கத்திய பாணி) துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளில் .45 கோல்ட் என்ற பெரிய தோட்டாவில் தொடங்கிய பலர், உதைப்பு குறைவு என்பதால் .38 ஸ்பெஷல் என்ற சின்னத் தோட்டாவுக்கு மாறுகிறார்கள். துப்பாக்கி மாறினாலும் இடுப்பில் இருப்பது, தோட்டா செருகும் வளையங்கள் வரிசையாக உள்ள பழைய தோல் பட்டிதான். அதில் .38 தோட்டாவைச் செருகினால் அது நேராகக் கீழே விழும். .45 தோட்டாவின் பித்தளைக் கூட்டின் விட்டம் 12.2 மி.மீ., .38 தோட்டாவின் அடி விளிம்பு 11.2 மி.மீ. தோட்டாவை வளையத்தில் தொங்க வைப்பது அந்த விளிம்புதான், அதுவே வளையத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

சரிசெய்ய நாலு வழி சொல்வார்கள்: நனைத்து உருவேற்றுவது, பட்டையை இழுத்துக் கோப்பது, கூடுதலாக ஒரு தையல் போடுவது, உள்ளே உறை வைப்பது. நாலும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. எது பொருந்தும் என்பது பட்டி எப்படிச் செய்யப்பட்டது, அளவு எவ்வளவு மாறுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது.

முதலில் அளவு. கூட்டின் விட்டம் .45 கோல்ட்டுக்கு 12.2, .44 ஸ்பெஷலுக்கும் .44 மேக்னத்துக்கும் 11.6, .38 ஸ்பெஷலுக்கும் .357 மேக்னத்துக்கும் 9.6 மி.மீ. வளையத் தோல் பட்டியிலிருந்து எழுந்து, தோட்டாவைச் சுற்றி, மறுபுறம் இறங்குகிறது. அதனால் விட்டம் 1 மி.மீ. மாறினால் வளையத்துக்கு வேண்டிய தோல் சுமார் 2.6 மி.மீ. மாறும். .45-க்கும் .44-க்கும் இடையே வளையத்துக்கு ஒன்றரை மி.மீ.தான் வித்தியாசம். .45-க்கும் .38-க்கும் இடையே 6.7 மி.மீ. முன்னதைத் தோலே விட்டுக்கொடுக்கும், பின்னதை விட்டுக்கொடுக்காது.

அடுத்து பட்டியைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். நீளமான ஒரே பட்டை கீறல்களின் வழியாக மேலும் கீழுமாகப் போய்வந்திருந்தால் அது கோத்த பட்டி. ஒவ்வொரு வளையத்துக்கும் இடையே தையல் வரிசை தெரிந்தால் தைத்த பட்டி. உள்புறம் மெல்லிய தோல் ஒட்டி மூடியிருந்தால், மேலே இரண்டு வளையங்களுக்கு நடுவே நூல் தெரிகிறதா என்று தேடுங்கள்.

கோத்த பட்டி என்றால் வேறு எந்த வழியையும் யோசிக்க வேண்டாம். ஒரு முனையின் தையலையோ ரிவெட்டையோ மட்டும் பிரியுங்கள். மறுமுனையிலிருந்து தொடங்கி, வளையத்துக்கு ஒரு டம்மி தோட்டா (வெடிமருந்து இல்லாதது) வைத்து இறுக்கிக்கொண்டே வாருங்கள். 24 வளையமுள்ள .45 பட்டியை .38-க்கு மாற்றினால் கடைசியில் சுமார் 16 செ.மீ. பட்டை மிஞ்சும். அதை உடனே வெட்டாமல் ஒரு நாள் விட்டு, தளர்ந்த வளையங்களை மறுபடி இழுத்த பிறகே வெட்டி முனையைத் தைக்கவும். கீறல்கள் பழைய இடைவெளியில்தான் இருக்கும், வளையம் கொஞ்சம் சாய்ந்து அகலமாகத் தெரியும். பிடியில் குறை வராது. கவனிக்க வேண்டியது கீறலின் இரு முனைகள். அங்கே 3 மி.மீ. வட்டத் துளை இல்லாமல் வெறும் கத்திக் கீறலாக இருந்தால், இழுக்கும்போது கிழிசல் பட்டிக்குள் ஓடும். இழுப்பதற்கு முன்பே துளை போட்டுவிடுங்கள்.

தைத்த பட்டியில்தான் உண்மையான போட்டி.

அதிகம் பேர் கையாளும் வழி நனைப்பது, அதிகம் பேர் தவறாகக் கையாளும் வழியும் அதுதான். நனைத்தால் தோல் விரியும், புது உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தானாகச் சுருங்கி சின்னத் தோட்டாவுக்கு இறுகாது. ஆகவே .44 பட்டியை .45-க்குத் தளர்த்த நனைப்பது சிறந்த வழி, .45 பட்டியை .38-க்கு இறுக்க அதனால் பயனே இல்லை. கொதிநீரில் முக்கினால் சுருங்குமே என்பார்கள். சுருங்கும், கூடவே விறைத்து, வளைத்த இடத்தில் வெடிக்கும். பட்டி அதோடு போயிற்று.

செய்முறை எளிது. தாவரப் பதனிடு முறையில் பதப்படுத்திய தோலாக இருக்க வேண்டும், நம் ஊரில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலின் இனம். குரோம் உப்பில் பதனிட்ட தோல் உருவத்தைப் பிடிக்காது. வளையங்களை மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஸ்பாஞ்ச் வைத்து நனைக்கவும். மேல்நிறம் மறுபடி வெளுக்கத் தொடங்கும்போது அரை அங்குல மரக்குச்சியை, அதாவது 12.7 மி.மீ., பிளாஸ்டிக் தாள் சுற்றிச் செருகவும். .45-ஐவிட அரை மி.மீ. தடிமன் கூடுதல் என்பது வேண்டுமென்றேதான், உலரும்போது தோல் கொஞ்சம் பின்வாங்கும். நிழலில் இரண்டு நாள் விடவும். ஈரமான வளையத்தில் வெடிமருந்துள்ள தோட்டாவைச் செருகவே கூடாது.

.45-லிருந்து .38-க்கு இறங்கக் கூடுதல் தையல், உறை என இரண்டு வழி உண்டு. எங்கள் தேர்வு தையல். ஒவ்வொரு வளையத்திலும் ஒரே பக்கத்தில், பழைய தையலிலிருந்து 6 மி.மீ. உள்ளே கோடு போடுங்கள். அந்த இடத்தில் வளையத் தோலைப் பட்டியோடு அழுத்திப் பிடித்து, குத்தூசியால் இரண்டையும் சேர்த்துத் துளைத்து, மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்துத் தைக்கவும். 32 மி.மீ. அகல வளையத்துக்கு மூன்றரை மி.மீ. இடைவெளியில் 9 துளை வரும், 24 வளையத்துக்கு 216. ஒரு முழு நாள் வேலைதான். ஆனால் பழைய தையலைத் தொடவே இல்லை. நாளை .45-க்குத் திரும்ப வேண்டுமானால் புதுத் தையலை மட்டும் பிரித்தால் போதும், துளைத் தடம் மட்டும் மிஞ்சும். எல்லா வளையமும் ஒரே பக்கம் நகர்வதால் தோட்டாக்களின் இடைவெளியும் மாறாது. முடிந்ததும் லேசாக நனைத்து, 3/8 அங்குலக் குச்சியில் உருவேற்றுங்கள். இங்கே கெடுப்பது அவசரம். 6-ஐ 2 ஆக்கினால் இறுக்கம் போதாது, இரண்டு துளை வரிசையும் நெருங்கி, தபால் தலை ஓரம் மாதிரி தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

உறை என்பது வளையத்துக்குள் ஒட்டும் மெல்லிய தோல் குழாய். கணக்குப்படி 1.3 மி.மீ. தடிமன் வேண்டும். கடையில் மூன்று அவுன்ஸ் தோல் என்று கிடைப்பது 1.2 மி.மீ., அது போதும். 34 மி.மீ. நீளத்தோடு மேல்படிவுக்கு 4 சேர்த்து வெட்டி, இரு ஓரத்தையும் சீவி மெலிதாக்கி, கான்டாக்ட் பசையில் ஒட்டவும். பார்க்க அழகு, தையலும் இல்லை. சங்கடம் பசையில்தான். பட்டியின் மேற்பரப்பு மெழுகும் எண்ணெயும் ஏறியது. உப்புத்தாளால் உரசாமல் ஒட்டினால் ஐந்தாறு முறை தோட்டா எடுத்ததும் உறையும் கூடவே வந்துவிடும். போட்டி நடுவே அது கைக்கு வருவது தோட்டா வராததைவிட மோசம். இரண்டு மூன்று வளையத்துக்கு மட்டும் என்றால் உறை நல்லது. ரைஃபிளுக்கு மறுபடி நிரப்பும் ஓரிரு தோட்டாவை மட்டும் வைத்துக்கொள்பவர்களுக்கு அதுவே போதும்.

எதிர்த்திசையில், .38 தைத்த பட்டியை .45-க்கு விரிக்க முயல வேண்டாம். 27.8 மி.மீ. தோலை 34.5 ஆக்கச் சொல்வது அது, தையல்தான் முதலில் விடும். வளையப் பட்டையைக் கழற்றிப் புதுப் பட்டை தைப்பதே வழி.

.44-40 என்ற தோட்டாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அடியில் 12.0, வாயருகே 11.3 மி.மீ. என்று கூடு சரிவாக இருக்கும். .45 வளையத்தில் ஏறத்தாழ உட்காரும், ஆனால் வளையத்தின் மேல் ஓரத்தில் மட்டுமே பிடிக்கும். அரை அங்குலக் குச்சியில் இதை உருவேற்றாமல், டம்மி .44-40 தோட்டாவிலேயே உருவேற்றுங்கள். .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டா வேறு வம்பு. கூட்டின் தடிமன் கிட்டத்தட்ட .45 கோல்ட்தான், விளிம்பு மட்டும் வெளியே நீட்டாது. எவ்வளவு இறுக்கினாலும் நழுவும், வளையத்தின் அடியை ஒரு தையலால் மூட வேண்டும்.

வேலை முடிந்ததும் வளையத்தில் எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெய் தோலைத் தளர்த்தி, செய்த வேலையை ஒரே வாரத்தில் அழிக்கும். வெளிப்பக்கம் மட்டும் மெழுகு போதும். தோட்டாவை வளையத்திலேயே மாதக்கணக்கில் வைப்பதும் வேண்டாம். தோலின் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும், களிம்பேறிய கூடு துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் சிக்கும். 1870-களில் அமெரிக்கப் படை தோல் வளையத்தை விட்டுக் கித்தான் வளையத்துக்குப் போனதற்கு இந்தக் களிம்பு முக்கியக் காரணம்.

சரிபார்க்க, எல்லா வளையத்திலும் டம்மி போட்டு, பட்டியைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதறுங்கள். ஒன்றும் விழக்கூடாது. பிறகு இரண்டு விரலால் ஒவ்வொன்றாக உருவுங்கள். புதிதாக இறுக்கியதில் கொஞ்சம் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், போட்டு எடுக்க எடுக்கத் தோல் தானே தளர்ந்துகொள்ளும்.