நீர்த்தேக்கமா, இறால் குளமா, சந்தையா: கிரேஃபிஷ் ஆசைக்கு எது வழி?

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கத்து நீர்த்தேக்கத்துக்கு நடக்கப் போயிருந்தேன். கரையோரக் கல்லிடுக்கில் நீலமாக ஏதோ நகர்ந்தது. "மாமா, லாப்ஸ்டர்!" என்று கத்தினான். லாப்ஸ்டர் இல்லை, நன்னீரில் வாழும் அதன் உறவுக்காரக் கிரேஃபிஷ். ஒரு சாண் நீளம் இருக்கும். கொடுக்கின் வெளி ஓரத்தில் சாயம் தீற்றியதுபோல ஒரு சிவப்புப் பட்டை. பையனின் அடுத்த கேள்வி உடனே வந்தது. "சாப்பிடலாமா?"

வீட்டுக்கு வந்து அக்காவிடமும் அதையே சொல்லியிருக்கிறான். அக்கா எனக்கு போன் போட்டு, "அவன் வாய ஏன்டா கெடுக்குற?" என்றாள். அன்று தொடங்கியது. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளும் கொஞ்சம் காசும் இதற்கே போயின. பிடிப்பது, தின்பது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு எந்த வழி தேறும் என்பதுதான் கணக்கு.

முதலில் பேர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரேஃபிஷுக்குத் தமிழில் சொந்தப் பேர் கிடையாது, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ மலாயாவிலோ இந்தப் பிராணி இயற்கையாக இருந்ததே இல்லை. கிழக்கு ஆசியப் பெருநிலத்தில் கொரியா, சீனாவின் வடகிழக்கு மூலை என்று அந்தப் பக்கம்தான் சொந்தக் கிரேஃபிஷ் உண்டு. நம் ஆட்கள் பார்த்தது ஆற்று இறாலும் கடல் சிங்கி இறாலும்தான். பார்க்காததற்கு யார் பேர் வைப்பார்கள்?

சிங்கப்பூரில் இதற்கு மேல் இன்னொரு குழப்பம். இங்குள்ள சீனர் கடல் உணவுக் கடைகளில் 'கிரேஃபிஷ்' என்று கேட்டால் தட்டில் வருவது பெரும்பாலும் கிரேஃபிஷே அல்ல. தலை தட்டையாக, மண்வெட்டியால் அடித்துச் சப்பையாக்கியதுபோல் இருக்கும் ஒரு கடல் பிராணி அது. கொடுக்கு இருக்காது. சிங்கி இறாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்னீர்க் கிரேஃபிஷ் என்றால் முன்னால் இரண்டு தடித்த கொடுக்கு கட்டாயம் இருக்கும். கொடுக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சரி, நீர்த்தேக்கத்துக்கு வருவோம். பையன் பார்த்தது ரெட்கிளா என்ற கிரேஃபிஷ் வகை. வட ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூ கினியின் தென்பகுதியும் அதன் பூர்வீகம். வளர்ந்த ஆணின் கொடுக்கில்தான் அந்தச் சிவப்புப் பட்டை வரும், பெண்ணுக்கு வராது. சிங்கப்பூரின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இது தானாகவே பெருகி வாழ்கிறது என்று 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. மீன் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போனவர்கள் 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று தண்ணீரில் விட்டுவிடுவது இப்படிப்பட்ட வந்தேறிகள் பெருக ஒரு வழி. உயிர்களை விடுவிக்கும் வழக்கமுள்ள வெசாக் தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் 'விடாதீர்கள்' என்று ஆள் போட்டுச் சொல்வது இதனால்தான்.

விட்டால் பெருகுவதற்குக் காரணம் அதன் பிள்ளைப்பேற்றில் இருக்கிறது. நம் ஊர் பெரிய ஆற்று இறால், அதாவது மலாய்க்காரர்கள் சொல்லும் ஊடாங் காலா, நன்னீரில் வாழ்ந்தாலும் அதன் குஞ்சுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். பல காலம் யாராலும் அதைப் பண்ணையில் பொரிக்க வைக்க முடியவில்லை. பினாங்கில் வேலை பார்த்த ஷாவ் வென் லிங் என்ற மீன்வள நிபுணர் 1960களின் தொடக்கத்தில் இந்த உப்பு ரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அதன் வளர்ப்பே தொடங்கியது. ரெட்கிளாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தாய் வயிற்றுக்கடியில் நூற்றுக்கணக்கில் முட்டையைச் சுமக்கிறது. பொரித்து வெளியே வருவது பெரியதின் சின்ன அச்சு. கடலும் வேண்டாம், கழிமுகமும் வேண்டாம். அணை கட்டிய குளம் ஒன்று போதும். நம்மிடம் அப்படி 17 நீர்த்தேக்கங்கள்!

அப்படியென்றால் வந்தேறியைப் பிடித்துத் தின்றால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நீர்த்தேக்கங்களில் குறித்துவிட்ட இடங்களில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையோடு. கூண்டு, வலை எதற்கும் அனுமதி இல்லை. மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம். மெக்ரிட்சி, அப்பர் பியர்ஸ் போன்ற நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்திருப்பது இயற்கை வனப்பகுதி. அங்கே உயிரினத்தைப் பிடித்தால் அபராதம் 50,000 வெள்ளி வரை போகலாம், சிறைக்கும் இடமுண்டு. கிரேஃபிஷ் மோப்பம் பிடித்து வரும் பிராணி. பிளாஸ்டிக் மீனைக் காட்டினால் அது ஏன் வரப்போகிறது? சட்டப்படி பிடிக்க நினைத்தால் மாலை முழுக்கக் கை வலிக்க வீசிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பலாம், அவ்வளவுதான்.

பிடித்தே விட்டாலும் நான் தின்ன மாட்டேன். நீர்த்தேக்கத்தில் வந்து சேர்வது சாலையிலும் கால்வாயிலும் ஓடிய மழைநீர். நாம் குடிக்கும்போது அது சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. கிரேஃபிஷுக்கு அந்த வசதி இல்லை. அடியில் கிடக்கும் மக்கலையும் செத்ததையும் தின்கிறது. தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பைத்தானே நம் வீட்டில் முதலில் உறிஞ்சுவோம், உலோகமும் பாசி நஞ்சும் சேர்வது அங்கேதான். நன்னீர் நண்டையும் கிரேஃபிஷையும் அரைவேக்காட்டில் தின்றால் நுரையீரல் புழு தொற்றும் ஆபத்தும் உண்டு. புழுவாவது நன்றாக வெந்தால் செத்துவிடும், உலோகம் வெந்தாலும் போகாது. காட்டில் கிடைப்பது என்றால் சுத்தம், ருசி என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போனது. இந்த விஷயத்தில் அது சரிவராது.

அடுத்தது இறால் குளம். கிரேஃபிஷ் இல்லை, ஆனால் நன்னீர், கொடுக்கு, பிடிக்கும் பரபரப்பு மூன்றும் இருக்கின்றன. சிமெண்டுத் தொட்டி போன்ற குளத்தில் ஊடாங் காலாவை விட்டிருப்பார்கள். நேரக் கணக்குக்குக் காசு. நாங்கள் போன இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தூண்டிலுக்கு 45 வெள்ளி. குட்டித் தூண்டில், மிதவை, ஈர்க்குச்சி முனை மாதிரிச் சின்ன முள், இரைக்குக் கோழி ஈரல் துண்டு.

பையன் முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மிதவை ஆடியதும் வெடுக்கென்று இழுத்தான். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சீன அங்கிள் கையைக் காட்டிப் பொறு பொறு என்றார். விஷயம் இதுதான்: இறால் இரையைக் கண்டவுடன் விழுங்குவதில்லை. நீளக் கொடுக்கால் பிடித்துக்கொண்டு தனக்குத் தோதான மூலைக்கு நடக்கிறது. மிதவை சாய்ந்து ஒரு பக்கமாக ஊர்ந்து போகும். அப்போது இழுத்தால் இரை நம்மிடமே திரும்பி வரும். அது நின்று, வாயில் வைத்து, மிதவை மறுபடி துடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அப்புறமும் வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் தூக்க வேண்டும். இரை குளத்தின் தரையை மட்டுமட்டாகத் தொடும்படி மிதவையை ஏற்றி இறக்கிக்கொள்வதும் முக்கியம். மேலே தொங்கினால் இறால் திரும்பியும் பார்க்காது.

மூன்று மணி நேரத்தில் ஒன்பது. ஓர் இறால் 5 வெள்ளி. சந்தை விலையோடு ஒப்பிட்டால் அநியாயம்தான். ஆனால் பிடித்த பத்தாவது நிமிடத்தில் கம்பியில் குத்தி, உப்பு தடவி, அங்கேயே இருக்கும் அடுப்பில் சுட்டுத் தின்ற ருசிக்கு விலை போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஊடாங் காலாவுக்குத் தலைதான் பாதிக்கு மேல், சதை குறைவு என்று குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் தலையை எறிபவர்கள். பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்தது என்பதால் இந்தத் தலைக் கொழுப்பை நான் தயங்காமல் உறிஞ்சினேன். மிச்சத்தை அக்கா சோம்பும் மிளகும் அரைத்துக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை.

ஒரு எச்சரிக்கை. பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி, செத்தவுடன் சதையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். வெயிலில் காரில் கிடந்த இறால் மாவாகக் குழைந்துபோவது அதனால்தான். கிரேஃபிஷுக்கும் இதே கதை.

கடையில் தின்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாக்கை மரத்துப்போக வைக்கும் 'மாலா' என்ற சீன மசாலாவில் வரும் சிவப்புக் கிரேஃபிஷ் வேறு இனம், அமெரிக்காவின் லூசியானா பக்கத்துப் பிராணி. 1927இல் ஜப்பானில் வளர்ப்புத் தவளைக்குத் தீனியாகக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து சீனாவுக்குப் போனது. தவளைத் தீனியாக வந்தது இன்று சீனாவில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் வளர்க்கப்படுகிறது. ஆனால் சதை? முழு எடையில் 15 முதல் 20 விழுக்காடுதான் தேறும். ஒரு கிலோ தட்டை முடித்தபோது எங்கள் முன்னால் குப்பை மலையாக இருந்தது, வயிறு காலியாக இருந்தது. பிளாஸ்டிக் கையுறை போட்டு ஒரு மணி நேரம் உரித்த பிறகு சோறு வாங்கித் தின்றோம். கூடி உட்கார்ந்து கதை பேச ஏற்ற தீனி என்பதை மறுக்கவில்லை. நாக்கில் மிஞ்சுவது மசாலாவின் மரமரப்பு, கிரேஃபிஷ் அல்ல.

பண்ணை ரெட்கிளா அதைவிடப் பல படி மேல். வாலில் மட்டும் சுமார் 30 விழுக்காடு சதை, லேசான இனிப்பு. கிடைத்தால் வாங்குங்கள், உறைய வைத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. முதுகோடு இரண்டாகப் பிளந்து, குடல் நரம்பை எடுத்துவிட்டு, பூண்டும் வெண்ணெயும் போட்டு ஆறேழு நிமிடம், போதும். நம் மசாலாவை அள்ளிப் போட்டால் அதன் இனிப்பு காணாமல் போய்விடும். குழம்புக்கு என்றால் ஈரச்சந்தையில் கிடைக்கும் அந்தத் தட்டைத் தலைக்காரனே மேல். சதை கெட்டி, கடல் உப்பு ஊறியது, தேங்காய்ப்பாலுக்கும் புளிக்கும் ஈடுகொடுக்கும். பேர் பொய்யானாலும் சரக்கு மெய்.

கடைசியாக, உண்மையிலேயே காட்டுக் கிரேஃபிஷைப் பிடித்துத் தின்றே தீருவேன் என்பவர்களுக்கு ஆஸ்திரேலியா. குவீன்ஸ்லாந்தின் டினாரூ அணைப் பக்கம் குடும்பத்தோடு கூடாரம் அடித்து, கூண்டு போட்டு ரெட்கிளா பிடிக்கிறார்கள். நமக்குக் கிட்ட இருப்பது பெர்த். ஐந்து மணி நேர விமானம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். அங்கே தென்மேற்கு ஆறுகளில் மாரன் என்ற பெரிய கிரேஃபிஷ் உண்டு. உரிமம் வாங்க வேண்டும், அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பல அணைகளில் வலைக்குக்கூட இடமில்லை, கம்பு நுனியில் கம்பிச் சுருக்கு மட்டும்தான். இருட்டில் முட்டளவு தண்ணீரில் நின்று, டார்ச் வெளிச்சத்தில், இரை தின்ன வந்ததன் வாலுக்குப் பின்னாலிருந்து சுருக்கை நுழைத்து இழுக்க வேண்டும். நான் போனதில்லை. போய்வந்த நண்பன் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும்!

பருவம் மட்டும் இடிக்கிறது: ஜனவரி 8 மதியம் முதல் பிப்ரவரி 5 மதியம் வரை. நம் பள்ளிகள் அப்போதுதான் திறந்திருக்கும். சீனப் புத்தாண்டு ஜனவரிக் கடைசியில் விழும் ஆண்டில்தான் பிள்ளைகளோடு போவதைப் பற்றி நினைக்கவே முடியும், அந்த வாரத்து விமானக் கட்டணத்தை நினைத்தால் நினைப்பும் ஓடிவிடும்.

அதனால் வரும் விடுமுறைக்கு முடிவு ஆகிவிட்டது. வார நாள் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், இறால் குளம், இரண்டு தூண்டில். வீட்டில் ஆறு பேர் என்பதால் போகிற வழியில் சந்தையில் தட்டைத் தலை ஒரு கிலோ வாங்கி அக்காவிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவதாகவும் ஏற்பாடு. பையனுக்கு இது தெரியாது. அத்தனையும் தான் பிடித்தது என்று நினைத்துக்கொள்ளட்டும்.