புது ரிசீவர் வாங்கி 14 மாசம்: மைக் வச்சதோட வேலை முடியல

மிருதங்கத்துல தொப்பியை, அதான் இடது பக்கத்தைத் தட்டினா 'தொம்'னு வந்து அடங்கணும். எங்க வீட்டு ஹால்ல அது 'தொம்ம்ம்ம்'னு இழுத்துக்கிட்டே போச்சு, அதுவும் எந்த கச்சேரி போட்டாலும் யார் வாசிச்சாலும் ஒரே சுருதில ஒரே ஊளை. புது 5.1 ரிசீவர் (அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் சத்தத்தைப் பிரிச்சு அனுப்பற பொட்டி), புது சப்வூஃபர் (பேஸுக்குன்னே, அதாவது அடி சத்தத்துக்குன்னே இருக்கற ஸ்பீக்கர்), காசு நல்லாவே செலவாயிருக்கு, பழைய ரெண்டு ஸ்பீக்கர் செட்டே பரவாயில்லைங்கற மாதிரி இருந்தா எப்படி இருக்கும் எனக்கு. எந்த மாடல்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா தப்பு முக்காவாசி என்னோடது.

ஹால் 14க்கு 11 அடி. கீழ வழவழன்னு டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல் கண்ணாடி, டிவிக்கு நேர் எதிர் சுவத்தோட ஒட்டி சோபா. நம்ம ஊரு வீடு பாதி இப்படித்தான் இருக்கும்.

ரிசீவர் கூடவே ஒரு குட்டி மைக் வரும், அதை சொருகினா அதுவே 'பீப் பூப்'னு சத்தம் விட்டு எல்லா ஸ்பீக்கரையும் அளந்துக்கும். ஆடிசி, ஒய்பாவோ, டிராக்னு கம்பெனிக்கு ஒண்ணு இருக்கு, வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல் தடவை நான் செஞ்சது என்னன்னா மைக்கை சோபா தலைமாட்டுல அப்படியே மெத்தை மேல வச்சுட்டேன், ஃபேன் ஓடுது, ஃப்ரிட்ஜ் ஹால்லயே இருக்கறதால அது ஒரு பக்கம் 'ஙொய்'ங்குது, மைக்கை இடம் மாத்தி மூணாவது தடவை அளக்கும்போது குக்கர் விசில். மெஷின் 'சுத்துப்புறத்துல சத்தம் அதிகமா இருக்கு'ன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு, நான் மறுபடி மறுபடி ஓகே அமுக்கி முடிச்சிட்டேன். மே மாசம் பாஸ், ஃபேனை நிறுத்த மனசு வரல.

வந்த ரிசல்ட்டைப் பாத்து அடுத்த கூத்து. சப்வூஃபர் தூரம் 19 அடின்னு காட்டுச்சு, இன்ச் டேப் போட்டு அளந்தா 12 அடிதான் இருக்கு. 'மக்கு மெஷின்'னு திட்டிட்டு 12னு மாத்திட்டேன். அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அது டேப் கணக்கு இல்ல, டைம் கணக்கு. சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல ஓடும், சப்புக்குள்ள இருக்கற சர்க்யூட் ஒரு சில மில்லிசெகண்ட் லேட் பண்ணும், அந்த லேட்டையும் சேத்துத்தான் மெஷின் 19னு சொல்லுது. நான் அதைக் 'கரெக்ட்' பண்ணினதுல சப்பும் முன் ஸ்பீக்கரும் சேர்ந்து வாசிக்கற சுருதிகள்ல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பேஸ் கிடார்ல நடுவுல நாலஞ்சு சுரமே காணாம போச்சு. அதனால சப் தூரம் அதிகமா காட்டினா தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, முன் ஸ்பீக்கர் ரெண்டையும் 'லார்ஜ்'னு எடுத்துக்கிச்சு. இது என்னவோ பெருமை இல்ல. லார்ஜ்னா முழு பேஸும் அந்த ஸ்பீக்கருக்கே போகும், அஞ்சு இன்ச் வூஃபர் பாவம் என்ன பண்ணும். அஞ்சையும் 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவரை, அதாவது சத்தத்தைப் பிரிக்கற எல்லையை, 80 ஹெர்ட்ஸ்ல வச்சேன், அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் சப் பாத்துக்கும். சப் பின்னாடி இருக்கற கிராஸ்ஓவர் திருகை ஃபுல்லா மேல ஏத்திடணும், இல்லன்னா ரெண்டு இடத்துல வடிகட்டின காபி மாதிரி ஆயிடும்.

இவ்வளவு பண்ணியும் அந்த ஊளை மட்டும் போகல. ரெண்டு மாசம் பேஸ், ட்ரெபிள்னு திருகிட்டே இருந்தேன், பேஸைக் குறைச்சா ஊளை குறையுது, கூடவே பாட்டு சப்பையாயிடுது. வீட்ல 'சும்மாவே இருக்க மாட்டீங்களா'ன்னு கேட்டாங்க.

விஷயம் ரூம்ல இருந்துச்சு. 14 அடி நீளத்துக்கு கணக்கு போட்டா 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை, 11 அடி அகலத்துக்கு 51 பக்கம் ஒண்ணு, ரெண்டு சுவத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கும். சுவரை ஒட்டி அது உச்சத்துல இருக்கும், ரூம் நடுவுல கிட்டத்தட்ட காணாம போயிடும். நான் சப்பை மூலையில வச்சிருக்கேன், அதாவது எல்லா அலையையும் கிளப்பி விடற இடத்துல, உக்காந்திருக்கறது பின் சுவத்துல தலை முட்ட. வேற எப்படி கேக்கும்?

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை சப்பைத் தூக்கி சோபா மேலயே உக்கார வச்சேன், ஒரு கச்சேரியை ஓட விட்டு நான் தரையில முட்டி போட்டு சுவரோரமா தவழ்ந்தேன். நாம உக்கார்ற இடத்துல சப்பை வச்சா, பேஸ் எங்க ஒழுங்கா கேக்குதோ அங்க சப்பை வைக்கலாம், அவ்வளவுதான் லாஜிக். அம்மா வந்து பாத்துட்டு 'என்னத்தடா தொலைச்ச'ன்னு கேட்டாங்க. மூலையில காதை வச்சா ஊளை, ஜன்னல் பக்கம் சத்தமே இல்ல, டிவி ஸ்டாண்டுக்கும் இடது ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு ரெண்டடி இடத்துல தொப்பி 'தொம்'னு வந்து நின்னுச்சு. அங்கயே நிமிந்து உக்காந்துட்டேன்.

சோபாவை சுவத்துல இருந்து ரெண்டடி முன்ன இழுத்தேன். இதுக்குத்தான் வீட்ல பெரிய பஞ்சாயத்து, அந்த இடுக்குல இப்போ பாயும் மாப்பும் நிக்குது, அதனால சமாதானம். தரைக்கு பவானி ஜமுக்காளம் ஒண்ணு விரிச்சேன், கை தட்டினா 'டங்'னு திரும்பி வந்த எதிரொலி பாதி அடங்குச்சு. பேஸுக்கு ஜமுக்காளம் ஒண்ணும் பண்ணாது, அது மேல் சத்தத்துக்கு மட்டும்தான்.

அப்புறம் ஒழுங்கா மறுபடி மைக். நைட் 11 மணி, ஃபேன் ஆஃப், ஃப்ரிட்ஜ் பிளக்கையே பிடுங்கிட்டேன், கேமரா ட்ரைபாட்ல காது உயரத்துக்கு மைக், எட்டு இடம், ஒவ்வொண்ணும் நடு சீட்டைச் சுத்தி ஒரு ரெண்டடிக்குள்ள. முதல் தடவை சப் லெவல் மைனஸ் 12 டெசிபல்னு காட்டியிருந்துச்சு, அதுக்குக் கீழ அதால குறைக்கவே முடியாது, அப்படின்னா நிஜ லெவல் என்னன்னே அதுக்குத் தெரியல. இந்த தடவை சப் வால்யூமைக் குறைச்சுட்டு ஓட்டினேன், மைனஸ் 4 வந்துச்சு. பின் பக்கம் ஒரு ஸ்பீக்கருக்கு 'போலாரிட்டி பாருங்க'ன்னு வந்ததைப் போன தடவை கண்டுக்கவே இல்ல, இப்போ பாத்தா சிவப்பு, கறுப்பு வயரை (ப்ளஸ், மைனஸ்) நானே மாத்தி சொருகியிருக்கேன். பின் ஸ்பீக்கர் சத்தம் எங்கிருந்தோ வர்ற மாதிரியே இருந்ததுக்கு அதான் காரணம்.

அம்மாவோட கம்ப்ளைண்ட் வேற, 'சண்டை மட்டும் கேக்குது, பேசறது கேக்கல'. சென்டர் ஸ்பீக்கரை ஸ்டாண்டோட தட்டுக்குள்ள தள்ளி வச்சிருந்தேன், பொட்டிக்குள்ள இருந்து பேசற மாதிரி. விளிம்பு வரைக்கும் முன்ன இழுத்து, கதவுக்கு அடியில சொருகற ரப்பர் கட்டை ஒண்ணை கீழ கொடுத்து காதுப் பக்கம் நிமித்தி வச்சேன். பாதி பிரச்சினை அதுலயே போச்சு, மீதிக்கு சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏத்தினேன். சில படத்துக்கு 3. நைட்ல பாக்கும்போது பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் பக்கத்துல கொண்டு வர்ற நைட் மோடு போட்டுடுவேன், கீழ் வீட்டுல பெரியவர் ஒருத்தர் இருக்காரு. பாட்டுக்கு அதைக் கட்டாயம் ஆஃப் பண்ணணும், இல்லன்னா எல்லாரும் ஒரே உயரத்துல நிக்கற குரூப் போட்டோ மாதிரி ஆயிடும்.

இப்போ எட்டு மாசமா ரிசீவர் செட்டிங்ல கை வைக்கல. தீபாவளிக்கு வீடு கழுவறப்போ சோபா நகந்ததுல மட்டும் ஒரு தடவை குழம்பிட்டேன், இப்போ நாலு காலுக்கும் தரையில டேப் ஒட்டியிருக்கேன். தீராத தலைவலி ஒண்ணே ஒண்ணு, சப் 'ஆட்டோ'ல இருந்தா சத்தம் கம்மியா வைக்கும்போது அது முழிக்கவே மாட்டேங்குது. அதனால எப்பவும் ஆன்லயே விட்டுட்டு நைட் சுவிட்சை அணைச்சுடறேன், காலைல போட மறந்துடறேன். அப்பல்லாம் அம்மாதான் அடுக்களையில இருந்து சவுண்டு விடுவாங்க, 'டேய், அந்தக் கறுப்புப் பொட்டி தூங்குது பாரு, மிருதங்கத்துல பாதிய காணோம்'.