சவுக்கா, பனையா? எண்ணூர் மணலுக்கு எது?

சென்னைக்கு வடக்கே, எண்ணூரை ஒட்டிய காட்டுப்பள்ளிப் பக்கம் காற்று பலமாக அடித்தால் மணல் வாசற்படி வரை வந்துவிடும். தடுக்க எதை நடலாம் என்று கேட்பவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள். சீர்கெட்ட நிலத்தில் 2.6 கோடி ஹெக்டேரை 2030க்குள் மீட்பதாக 2019இல் இந்தியா உறுதி சொன்னது. நம் கரையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பது என் ஆசை.

செலவு
சவுக்கு: நாற்று வாங்க வேண்டும், முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.
பனை: கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன் புதைத்தால் போதும்.

வேகம்
சவுக்கு: நான்கைந்து வருடத்தில் வெட்டுக்கே வந்துவிடும்.
பனை: நுங்கு காணப் பதினைந்து வருடம்கூட ஆகலாம்.

உறுதி
சவுக்கு: பெரும்புயலில் முறியும், வேரோடு சாயும். உதிர்ந்த ஊசிகள் மெத்தைபோல மூடிக்கொள்வதால் அடியில் புல்கூட எளிதில் வராது. ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் வழியாக மண்ணில் சேர்க்கும், அதை மறுக்க முடியாது.
பனை: புதைத்துச் சில மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். மேலே இலையே இருக்காது, கீழே விரல் தடிமனில் கிழங்கு இறங்கியிருக்கும். முதலில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் மரம் இது. புயலிலும் பெரும்பாலும் நிற்கும்.

வீட்டுக்கு உடனே மறைப்பு வேண்டுமா? சவுக்கு. ஊர்ப் பொது நிலமா? யோசிக்காமல் பனை. இடம் இருந்தால் காற்று வரும் பக்கம் இரண்டு வரிசை சவுக்கு, அதன் பின்னால் பனை. அப்புறம், ஆமை முட்டையிடும் கடற்கரை மணலை மட்டும் வெறுமையாக விட்டுவிடுங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரச் சேற்றுக்கு இரண்டுமே வேண்டாம், அங்கே அலையாத்திதான்.