ஏஏ மீட்டிங்: காசு வேண்டாம், குரூப் பார்த்து உட்காருங்கள்

குடியை நிறுத்தியவருக்குச் சாயங்காலம்தான் கண்டம். வேலை முடியும் நேரத்துக்கும் ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் சாத்துவதற்கும் நடுவே என்ன செய்வது? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, நடத்தும் மீட்டிங்குகளின் முதல் பயன் அந்த இடைவெளியை அடைப்பது. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் 12 படிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மீட்டிங்குக்குக் கிளம்பும் முன் ஒரு விஷயம். தினமும் காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் சட்டென்று நிறுத்திவிட்டு நேரே மீட்டிங்குக்குப் போகக்கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் உளறும் நிலையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரிடம் போய், மருந்தோடும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் குடியை நிறுத்த வேண்டும். வலிப்பு வந்தால் 108. யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்துத் தமிழிலேயே கேட்கலாம். ஏஏவில் டாக்டர் கிடையாது, அது ஆஸ்பத்திரியும் இல்லை.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரும் தொடங்கியது இது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, முழுப் பெயரும் கேட்கமாட்டார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் விடலாம். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு.

இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஏஏவின் இந்தியத் தளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு. ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். குரூப்புகள் இடம் மாறும், நாள் மாறும். அதிலுள்ள உதவி எண்ணுக்குப் பேசி மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் மீட்டிங் உண்டா, தமிழில்தானா, ஓப்பனா குளோஸ்டா? ஓப்பன் என்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம். குளோஸ்ட் என்றால் குடிநோயாளிகள் மட்டும். பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ நடக்கும். வாசலில் பெரிய போர்டை எதிர்பார்க்க வேண்டாம், வாட்ச்மேனுக்கும் தெரியாமல் இருக்கலாம். பத்து நிமிடம் முன்னதாகப் போய், வாசலில் நின்று அதே எண்ணுக்குப் பேசினால் யாராவது வந்து அழைத்துக்கொண்டு போவார்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. ஒருவர் நடத்துவார், ஒரு பகுதி வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி ஐந்து பத்து நிமிடம் பேசுவார்கள். பேச விருப்பமில்லையா? "இன்னிக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே புத்திமதி சொல்லக்கூடாது என்பது வழக்கம். இந்த ஒன்றை வைத்தே குரூப்பை எடை போடலாம். மூத்தவர் ஒருவரே முக்கால் மணி நேரம் பழைய வீரப்பிரதாபம் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த குரூப்பைப் பாருங்கள். ஒரு மீட்டிங்கை வைத்து ஏஏவையே தள்ளிவிடாமல், நான்கைந்து இடத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பது நல்லது. முடிந்ததும் ஓடாமல் டீக்கு நில்லுங்கள். போன் எண்களும், கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினரான ஸ்பான்சரும் கிடைப்பது அங்கேதான். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஸ்பான்சர் என்பதே முறை.

குறைகளும் உண்டு. படிகளில் கடவுள் பலமுறை வருகிறார். "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று விளக்கினாலும் நாத்திகருக்கு இது நெருடும். சர்ச்சில் நடப்பதால் மதமாற்றமோ என்று வீட்டில் சந்தேகப்படுவார்கள். ஏஏ எந்த மதத்தையும் சாராதது, இடம் மட்டும்தான் சர்ச்சுடையது. பெண்கள் குறைவு, ஆண்கள் மட்டுமே உள்ள அறைக்குள் தனியாக நுழைவது லேசல்ல. எல்லாவற்றிலும் ஆபத்தானது, "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்து" என்று சொல்லும் அரைகுறை உறுப்பினர். மருத்துவர் வேலையை உறுப்பினர்கள் பார்க்கக்கூடாது என்று ஏஏ வெளியீடுகளே சொல்கின்றன. மனநல மாத்திரையை யார் சொல்லியும் நிறுத்தாதீர்கள்.

பலன்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. சிகிச்சையாளரே முறையாக ஏஏவுக்கு வழிப்படுத்தும் சிகிச்சை, முழுதாகக் குடியை விட்டிருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. ஆகவே சிகிச்சை, மீட்டிங் இரண்டும் சேர்ந்தால் நல்லது.

குடும்பத்தாருக்கு அல்-அனான் தனி, 1951 முதல் இருக்கிறது. கணவரை எப்படித் திருத்துவது என்று கேட்டுப் போகிறவர்களுக்கு முதல் வாரம் ஏமாற்றமாக இருக்கும், அங்கே பேச்சு முழுக்க மனைவியின் தூக்கத்தையும் பயத்தையும் பற்றித்தான். ஒரு வேண்டுகோள்: குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிரே போகலாம்.

ஊரில் குரூப் இல்லாதவர்களுக்கு ஜூம் மீட்டிங்குகள் உண்டு. நேரில் உட்காருவதற்கு ஈடில்லை, ஆனாலும் கடைசி பஸ் போய்விட்ட ராத்திரிக்கு உதவும். நுழையும் முன் திரையில் தெரியும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பலருடைய போனில் முழுப்பெயரோ, மகளின் ஆன்லைன் வகுப்புப் பெயரோ அப்படியே கிடக்கும்.