ஹட்டன் மழைக்கு எந்த லெப்டொப்?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹட்டன் பக்கம் கரண்ட்டை நம்ப முடியாது. கம்பியில் ஒரு மரக்கிளை விழுந்தால் போதும், தேயிலைத் தோட்டமே இருட்டாகிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்களில் என் டெஸ்க்டொப் மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தது. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் கீ கீ என்று கத்தும். கோப்பைச் சேமித்து மெஷினை நிறுத்தத்தான் நேரம் இருக்கும். அடுத்தது லெப்டொப்தான் என்று அன்றைக்கே நினைத்தேன். காசு சேர இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

கடைசியில் மூன்று மிஞ்சின: புதிய மெக்புக் எயார் எம்4, புதிய ரைசன் 5 வின்டோஸ் லெப்டொப், பாவித்த திங்க்பேட் டி480.

வெப்சைட் கட்டுவதுதான் என் வேலை. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம். கோட் எழுதும் எடிட்டர், குரோமில் இருபது டெப், தளத்தை என் மெஷினிலேயே ஓட்டிப் பார்க்கும் நோட் சர்வர், டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவி) ஒரு டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும். 8 ஜிபி போதாது, 16 இல்லாமல் இறங்கவே கூடாது.

ரைசனை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். கையில் இருந்த காசுக்குக் கிடைத்தவற்றில் 8 ஜிபிதான் இருந்தது, அதுவும் போர்டோடு சேர்த்து ஒட்டியது. வின்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2, சும்மா விட்டால் மொத்த ரேமில் பாதி வரைதான் எடுத்துக்கொள்ளும். டொக்கர் ஓடுவது அதற்குள்தான், அப்படியென்றால் அதற்குக் கிடைப்பது 4 ஜிபி. ரேம் சேர்க்க இடமுள்ள மொடல் கிடைத்தால் அது வேறு கதை.

எயாரைக் கொட்டகலை நண்பர் ஒருவரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். மனசு அதிலேயே போய்விட்டது. எம்4 மொடல் 16 ஜிபியிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு முழு வேலைநாள் சார்ஜர் பக்கமே போக வேண்டியதில்லை. உள்ளே ஃபேன் கிடையாது, அதனால் நீண்ட நேரம் பாரமான வேலை கொடுத்தால் சூடேறி வேகம் குறையும். ஆனால் எங்கள் குளிரில் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. "ஐபோனில் மெனு உடைகிறது" என்று வாடிக்கையாளர் எழுதினால், ஐபோனில் உள்ள பிரவுசரான சஃபாரியைத் திறந்து அங்கேயே பார்த்துவிடலாம். மற்ற இரண்டிலும் சஃபாரியைப் போட முடியாது.

இடித்தது டொக்கரில்தான். என் பழைய வாடிக்கையாளர்கள் இருவர் இன்னும் மைஎஸ்கியூஎல் 5.7 என்ற பழைய டேட்டாபேஸில் இருக்கிறார்கள். எயாரில் இருப்பது ஆர்ம் வகைச் சிப். அந்தச் சிப்புக்கான மைஎஸ்கியூஎல் 5.7 டொக்கர் இமேஜ் (டொக்கரில் ஓட்டும் தயார்ப் பொதி) அதிகாரபூர்வமாக இல்லை. இன்டெல் சிப்புக்கான இமேஜையே எமுலேட் செய்து, அதாவது சிப்பை இன்டெல்போல் நடிக்க வைத்து ஓட்ட வேண்டும், ஊர்ந்து ஊர்ந்துதான் ஓடும். அப்புறம், ரேமோ கோப்புகள் சேமிக்கும் எஸ்எஸ்டியோ பின்னால் கூட்டவே முடியாது. ஏதாவது பழுதென்றால் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். போக ஒரு நாள், எடுக்க ஒரு நாள்.

டி480 2018இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு பேட்டரி: உள்ளே ஒன்று, பின்பக்கம் கழற்றக்கூடியது ஒன்று. கீழே உள்ள இரண்டு பூட்டையும் விரலால் தள்ளினால் டக்கென்று வெளியே வந்துவிடும். மெஷின் அணையாது, உள்பேட்டரி தாங்கிக்கொள்ளும். சார்ஜ் ஏற்றிய இன்னொன்றைச் செருகி வேலையைத் தொடரலாம். வெளியில் மாட்டும் பெரிய பேட்டரி 72 வோட்-அவர். மழை நாளில் அப்படி இரண்டு மேசையில் இருந்தால் போதும். ரேமுக்கு இரண்டு ஸ்லொட், 16 ஜிபியாக இரண்டு போட்டுக்கொண்டேன். கீபோர்ட், எஸ்எஸ்டி எல்லாம் டவுனிலேயே மாற்றித் தருவார்கள். பழைய மொனிட்டரையும் நேரே எச்டிஎம்ஐயில் செருகிவிட்டேன். எயாருக்கு அதற்கும் ஓர் அடாப்டர் வேண்டும்.

வேகம் இதில் குறைவு, அதை மறைக்க மாட்டேன். சிப்பில் நான்கு கோர்தான். எயாரில் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற பில்ட் (எழுதிய கோட் எல்லாவற்றையும் தொகுக்கும் வேலை), இதில் பிளேன்டீ ஊற்றி எடுத்து வரும் வரை ஓடுகிறது. திரையும் மங்கல். நிறம் பார்த்து டிசைன் செய்பவர்கள், ஐபோன் வாடிக்கையாளர்களே அதிகம் உள்ளவர்கள் எல்லாம் யோசிக்காமல் எயாரை எடுக்கலாம். எனக்கு வேலை அறுந்துபோகாமல் ஓடுவதுதான் முக்கியம், அதனால் டி480ஐ எடுத்தேன்.

எதை எடுத்தாலும் ரவுட்டரை மறந்துவிடாதீர்கள். லெப்டொப் உயிரோடு இருந்தும் இணையம் செத்துக் கிடந்தால் என்ன பயன்? 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று அதற்கும் வேண்டும்.

டி480 பார்க்க பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போகிறவர்களுக்கு: சிலவற்றில் 1366க்கு 768 திரை இருக்கும், அதை எடுக்காதீர்கள். பயோஸில் (மெஷின் தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்) பழைய கம்பனியின் பாஸ்வேர்ட் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். அந்தக் காலத்துத் திங்க்பேட்களில் யூஎஸ்பி-சி போர்ட் நின்றுபோகும் கோளாறு ஒன்று இருந்தது, அதற்குத் திங்க்பேட் செய்யும் லெனோவோ ஃபர்ம்வெயர் அப்டேட் விட்டிருக்கிறது. வாங்கிய அன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள்.