ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை: கணினி அறிவியல் படிக்க விரும்புவோருக்கான மதிப்பீடு

ஜப்பானின் கல்வி, அறிவியல் அமைச்சகமான மெக்ஸ்ட் 1954ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. அதன் ஆய்வு மாணவர் பிரிவில் தேர்வாகி, அங்கே கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பணம் இல்லை, கடன் வாங்கவும் மனமில்லை, ஆனால் ஒரு தொழில்நுட்பக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடரும் ஆர்வம் உண்டு என்றால், நான் அறிந்தவரையில் இதைவிட நம்பகமான வாய்ப்பு அரிது. வெளிநாட்டில் விரைவாக வேலையில் சேர ஒரு பட்டம் போதும் என்று நினைப்பவருக்கு இது பொருந்தாது.

பண விவரம் எளிமையானது. நுழைவுத் தேர்வுக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், கல்விக் கட்டணம் ஆகிய எதையும் மாணவர் செலுத்த வேண்டியதில்லை. போகவும் திரும்பி வரவும் விமானச் சீட்டு தரப்படுகிறது. மாதந்தோறும் பட்டப்படிப்பில் இன்னும் சேராத ஆய்வு மாணவருக்கு 143,000 யென், முதுநிலை மாணவருக்கு 144,000 யென், முனைவர் பட்ட மாணவருக்கு 145,000 யென் என்று பல ஆண்டுகளாக வழங்கி வந்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில பகுதிகளில் படிப்பவர்களுக்கு 2,000 அல்லது 3,000 யென் கூடுதலாகக் கிடைக்கும். படித்து முடித்தபின் ஜப்பானிலேயே பணிபுரிய வேண்டும் என்றோ தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்றோ ஒப்பந்தம் ஏதும் இல்லை. விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் விண்ணப்பிக்கும் முன்பு அணுகிய ஒரு கல்வி ஆலோசனை நிறுவனம், இந்த உதவித்தொகைக்கு ‘ஏற்பாடு செய்து தருவதாக’ச் சொல்லிப் பெருந்தொகை கேட்டது. அப்படி ஏற்பாடு செய்து தரக்கூடியது இதில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் அறிவிப்பையும், இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் அறிவிப்பையும் படித்து நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

இதே நோக்கில் பலரும் நாடும் மற்ற இரண்டு திட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் இடம் தெளிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகள் மாதம் 1,400 யூரோ தருகின்றன. தொகையில் அதுவே பெரியது, இரண்டு மூன்று நாடுகளில் படிக்கும் அனுபவமும் சேர்ந்து கிடைக்கும். ஹங்கேரி அரசின் ஸ்டைபெண்டியம் ஹங்காரிக்கம் கல்விக் கட்டணத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு மாதம் 43,700 ஃபோரிண்ட் மட்டுமே தருகிறது. புடாபெஸ்டில் வாழ அது போதாது, விமானச் செலவும் நம்முடையதே. வாழ்க்கைச் செலவைப் பொறுத்தவரை மெக்ஸ்ட் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஆனால் முதுநிலையோடு நின்றுவிடாமல், தகுதியை நிலைநாட்டி நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் முனைவர் பட்டம் வரை அதே ஆதரவைத் தொடரலாம் என்பது இதன் தனிச் சிறப்பு.

குறைகளில் முதன்மையானது தொடக்க காலச் செலவு. ஜப்பானில் இறங்கியவுடன் தொகை கைக்கு வருவதில்லை; வங்கிக் கணக்கு தொடங்கி, பதிவுகள் முடிந்து, முதல் தவணை வந்து சேர ஒரு மாதத்துக்கும் மேலாகலாம். ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் கையில் வைத்திருக்குமாறு விண்ணப்ப விதிமுறையே அறிவுறுத்துகிறது. கல்விக்கு ஒரு ரூபாயும் வேண்டாம் என்று நம்பி வரும் எளிய குடும்பத்து மாணவருக்கு இது சிறிய தொகையன்று. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் தனியார் வீட்டுக்கு முன்பணம், உரிமையாளருக்குத் திருப்பிப் பெற முடியாத அன்பளிப்புத் தொகை, வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனத்தின் கட்டணம் என்று பல மாத வாடகைக்குச் சமமான பணத்தை ஒரே நாளில் செலுத்த நேரிடும். தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவும் மாணவரே செலுத்த வேண்டியது. அதன்பின் மருத்துவச் செலவில் முப்பது விழுக்காடு மட்டும் நம் பங்கு. இருபது வயது நிறைந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் பதிவு செய்ய வேண்டும். மாணவர்களுக்கான கட்டண ஒத்திவைப்பை நகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். இவற்றையெல்லாம் கழித்தபின், டோக்கியோவில் கணக்குப் பார்த்துத்தான் வாழ வேண்டும். நாராவிலோ இஷிகாவாவிலோ அதே தொகையில் நிம்மதியாக வாழ்ந்து, வீட்டுக்கும் சிறிது அனுப்பலாம். கணினி அறிவியலில் மதிக்கப்படும் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் ஜப்பான் உயர் அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் இவ்விரு பகுதிகளிலேயே இருப்பதால், தலைநகரை மட்டும் நினைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது தேவையற்றது என்பது என் கருத்து.

இனித் தேர்வு முறைக்கு வருகிறேன். தூதரகத்தில் விண்ணப்பித்து அதன் பரிந்துரையைப் பெறும் வழியில் வழக்கமாக ஏப்ரல் வாக்கில் அறிவிப்பு வரும். அதைத் தொடர்ந்து ஆவணச் சரிபார்ப்பு, ஆங்கிலம், ஜப்பானியம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு, நேர்காணல் ஆகியவை நடக்கும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜப்பானியம் தெரியாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஆனாலும் அடிப்படையையாவது கற்றுச் செல்வது நல்லது. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு நெடுங்காலமாக இம்மொழியைக் கற்பித்து வருகிறது.

உண்மையில் தேர்வைத் தீர்மானிப்பது ஆய்வுத் திட்டம். மதிப்பெண் பட்டியலும் பெரிய மென்பொருள் நிறுவனத்தில் செய்த வேலையும் அதற்குத் துணை நிற்கலாம், ஈடாக முடியாது. நம் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணியைக்கூட வெளியே விலைக்கு வாங்கும் பழக்கம் பரவியிருப்பதால், ஒரு கேள்வியைத் தானே கண்டுபிடித்து எழுதும் பயிற்சி பலருக்கு வாய்ப்பதேயில்லை. திறமையான பிள்ளைகள் இங்கே தடுமாறுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ‘மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு’ என்பது தலைப்பே தவிர, ஆய்வுத் திட்டம் ஆகாது. எந்தத் தரவு, அதில் இன்றைய முறைகள் எங்கே தோற்கின்றன, நீங்கள் எதை மாற்றிப் பார்க்கப் போகிறீர்கள், வெற்றியை எப்படி அளப்பீர்கள், இதை ஏன் ஜப்பானில் செய்ய வேண்டும் என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். தமிழ் ஓலைச்சுவடிகளைக் கணினியால் படிக்கவைக்க விரும்பும் ஒரு மாணவர் இருக்கிறார் என்று கொள்வோம். சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படுவதில்லை, சொற்களுக்கு இடைவெளி விடப்படுவதில்லை, பழுதுபட்ட ஓலைகளோ ஏராளம். ஜப்பானிலும் இதற்கு இணையான சிக்கல் உண்டு. குசுஷிஜி எனப்படும் பழைய தொடரெழுத்தில் எழுதப்பட்ட நூல்களை இன்றைய ஜப்பானியர்களில் மிகச் சிலரால்தான் படிக்க முடியும். அந்நாட்டின் மானுடப் புலங்களுக்கான திறந்த தரவு மையம் அவ்வெழுத்துகளைக் கொண்டு 2018இல் குசுஷிஜி-எம்னிஸ்ட் என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டது. 2019இல், தரவு அறிவியல் போட்டிகளை நடத்தும் காகிள் தளத்தில் அவ்வெழுத்துகளை அடையாளம் காணும் போட்டி நடந்தது. 2021இல் அவற்றைப் படித்துத் தரும் மிவோ என்ற கைப்பேசிச் செயலியே வந்துவிட்டது. அந்த முறைகள் சுவடித் தமிழுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும், எங்கே முறியும் என்று கேட்டு எழுதும் மாணவரிடம், ஜப்பான் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதற்கட்டத் தேர்வில் வென்றவர்கள், அதற்குரிய சான்றிதழைக் காட்டிப் பல்கலைக்கழகங்களிடம் தற்காலிகச் சேர்க்கை ஒப்புதல் பெற வேண்டும். அதற்குக் கிடைக்கும் காலமோ சில வாரங்கள்தான். பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலில் அவர்களுடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்துப் புரிந்துகொண்டதற்கான அடையாளம் இருந்தால் விடை வரும். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பலருக்கு அனுப்பினால் பெரும்பாலும் விடையே வராது. சில பல்கலைக்கழகங்கள் பேராசிரியருக்கு நேரடியாக எழுதுவதை ஏற்பதில்லை, சர்வதேச மாணவர் அலுவலகம் வழியாகவே எழுதச் சொல்கின்றன; அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் அறியாத ஒன்று, பட்டப்படிப்பில் நேரடியாகச் சேராமல் ஆய்வு மாணவராகச் செல்பவர்களுக்கு அந்தக் காலத்துக்குப் பட்டம் கிடையாது என்பது. அங்கு சென்றபின் பல்கலைக்கழகத்தின் முதுநிலை நுழைவுத் தேர்வில் வெல்ல வேண்டும், உதவித்தொகை நீட்டிப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் தொழில்நுட்பப் பட்டமேற்படிப்புப் பள்ளி போன்ற இடங்களில் நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றில் கடினமான கேள்விகள் வரும். நான்காண்டு மென்பொருள் வேலைக்குப் பின் செல்பவர்கள் இந்தக் கணிதத்தைப் புறப்படுவதற்கு முன்பே தூசு தட்டிவிட வேண்டும். ஆய்வு மாணவராக இருக்கும் மாதங்களை வீண் என்று சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. எனக்கு அவை மிகவும் பயன்பட்டன. மொழிப் பயிற்சி, ஆய்வகத்தில் சொந்தமாக ஒரு மேசை, வாரந்தோறும் முறைவைத்து ஆய்வுக் கட்டுரை வாசித்து விளக்கும் கூட்டம் ஆகியவற்றால், பட்டப்படிப்பு தொடங்கும்போது நான் புதியவளாக இல்லை.

ஆய்வக வசதிகளைப் பற்றித் தயக்கமின்றிப் பாராட்டலாம். கோபேயிலுள்ள ஃபுகாகு மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) 2020 ஜூன் முதல் ஈராண்டு காலம் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2024 அக்டோபரில் டோக்கியோ அறிவியல் கழகமாக மாறியது. அங்கே ட்சுபாமே வரிசை மீக்கணினி இயங்குகிறது. கணிப்பு ஆற்றலுக்காகக் கையேந்தி நிற்காமல் சோதனை செய்து பார்க்கும் வாய்ப்பு, இயந்திரக் கற்றலில் ஈடுபடும் மாணவருக்குப் பெரும் பேறு. ஆய்வுரையாடல் ஆங்கிலத்தில் நடந்தாலும், மதிய உணவு மேசையில் பேச்சு ஜப்பானியத்திலேயே நடக்கும்; மொழி தெரியாமல் இருந்தால் தனிமை உறுதி. அங்கே வேலை தேடும் எண்ணம் இருந்தால் மொழியறிவு மேலும் இன்றியமையாதது.

விதிகள் கறாரானவை. ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகத்தில் கையெழுத்திடாவிட்டால் அந்த மாதத் தொகை வராது. மாணவர் விசாவை வேறு விசாவாக மாற்றிக்கொண்டால் உதவித்தொகை நின்றுவிடும். வேறொரு உதவித்தொகையைச் சேர்த்துப் பெறவும் அனுமதியில்லை. உரிய அனுமதி பெற்றால் வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். ஆய்வு மாணவர் பிரிவுக்கு வயது 35க்குள் இருக்க வேண்டும் என்பதால், சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கும் இதில் இடமுண்டு.

அடுத்த சுற்றில் விண்ணப்பிக்க விரும்புவோர் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கல்லூரியிலிருந்து பரிந்துரைக் கடிதமும் அதிகாரபூர்வ மதிப்பெண் சான்றிதழும் பெறவே பல வாரங்கள் ஆகும். மருத்துவச் சான்றிதழையும் அவர்கள் தரும் படிவத்தில்தான் நிரப்பித் தர வேண்டும். சனவரியில் ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவை எழுதி, அத்துறையை அறிந்த ஒருவரிடம் கொடுத்துக் கடுமையாகத் திருத்தச் சொல்லுங்கள். ஏப்ரலுக்குள் அதை இரண்டு மூன்று முறை திருத்தி எழுத நேரம் இருக்கும்.